பெற்றோருக்கு வயதாகும்போது வீட்டை எப்படி மாற்றுவது: குளியலறை முதல் பத்திரம் வரை

எங்கள் திருச்சி வீட்டுக் குளியலறையில் துண்டு போடும் கம்பி ஒன்று உண்டு. 1991-இல் வீடு கட்டும்போது மாட்டியது. நாலு வருஷம் முன்பு ஊருக்குப் போயிருந்தபோது பார்த்தால், அது சுவரை விட்டு அரை இன்ச் வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது. ஈரத் துண்டின் கனத்துக்கு எந்தக் கம்பியும் அப்படி ஆடாது. அப்பாவிடம் கேட்டேன். "பழசுதானே, துருப்பிடிச்சிருக்கும்" என்றார். மறுநாள் காலையில் அவர் உள்ளே இருந்தபோது ஒரு சின்ன முனகலும், கூடவே கம்பி கிறீச்சிடுவதும் கேட்டது. எழுபத்து மூன்று வயது மனிதர், தன் எடை முழுவதையும் நாலு ஸ்குரூவை நம்பித் தொங்கவிட்டுத் தினமும் எழுந்துகொண்டிருந்திருக்கிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்த வேலை இரண்டு வருஷம் இழுத்தது. அதில் தெரிந்துகொண்டதைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதலில் கை அழுக்கைத் தேடுங்கள்

"என்னம்மா கஷ்டம் இருக்கு?" என்று கேட்டால் "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் பதில் வரும். அதனால் கேட்பதற்கு முன் சுவரைப் பாருங்கள். வயதானவர்கள் எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே கை வைப்பார்கள். கை வைத்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படியும். எங்கள் வீட்டில் அது நாலு இடத்தில் இருந்தது: கழிப்பறைக் கதவின் நிலை, மாடிப்படியின் முதல் திருப்பம், கொல்லைப்புறம் இறங்கும் கதவு, அப்புறம் ஃபிரிட்ஜின் பக்கவாட்டு. கடைசியானது எனக்கு முதலில் புரியவில்லை. கீழ்த் தட்டிலிருந்து காய்கறி எடுத்துவிட்டு எழுந்திருக்க அம்மா அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்.

அதேபோல, எதை விட்டுவிட்டார்கள் என்றும் கவனியுங்கள். மொட்டை மாடியில் துணி காயப்போடுவது நின்று, வராந்தாவில் கொடி கட்டியாகிவிட்டதா? பூஜை அறையில் தரையில் உட்கார்ந்தவர் நின்றபடியே விளக்கேற்றுகிறாரா? வாசலில் பெரிய கோலம் சுருங்கி நாலு புள்ளி ஆகிவிட்டதா? இவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வேலைப் பட்டியல் அதுதான். கடைக்காரர் காட்டும் விலைப்பட்டியலை வைத்துத் தொடங்கினால் தேவையில்லாததெல்லாம் வீட்டுக்கு வந்து சேரும்.

2. கழிப்பறையும் குளியலறையும்

கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போதும் என்றால், யோசிக்காமல் இங்கே போடுங்கள். ஹால் டைல்ஸ், பெயின்ட், புது சோபா எல்லாம் பிறகு.

பழைய வீடுகளில் முதல் சிக்கல் மேடை. இந்தியன் டாய்லெட் வைக்கும்போது குழாய் வாட்டத்துக்காக ஒரு அடி உயர்த்திக் கட்டியிருப்பார்கள். வெஸ்டர்ன் மாற்றும்போது "மேடையை உடைச்சா செலவு சார், அது மேலேயே கமோடை வெச்சிடலாம்" என்று பிளம்பர் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஈரக் காலோடு ஒரு அடி ஏறி, திரும்பி, உட்கார வேண்டியிருக்கும். பின்னால் வாக்கர் பிடித்து நடக்கும் நிலை வந்தால் அந்தக் கழிப்பறையே பயன்படாது. உடைத்துத் தரைமட்டமாக்குங்கள்.

கமோடின் உயரம் அடுத்தது. பொதுவாகக் கிடைப்பவை தரையிலிருந்து 15, 16 இன்ச் இருக்கும். முழங்கால் வலி உள்ளவருக்கு 17 முதல் 19 இன்ச் வரை வேண்டும். அவர் எந்த நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழுந்திருக்கிறாரோ, அதன் உயரத்தை டேப் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். சுவரில் மாட்டும் கமோடு என்றால் வேண்டிய உயரத்தில் வைக்கலாம், அடியில் கழுவுவதும் சுலபம். ஆனால் சுவர் அதைத் தாங்க வேண்டும். ஏற்கெனவே உள்ள கமோடின் மேல் பொருத்தும் உயர இருக்கைகளும் சர்ஜிகல் கடைகளில் கிடைக்கின்றன. அவசரத்துக்கு அது போதும்.

இனி கைப்பிடிக் கம்பி. துண்டுக் கம்பி வேறு, கைப்பிடி வேறு. கைப்பிடியின் பருமன் ஒன்றேகால் முதல் ஒன்றரை இன்ச், சுவருக்கும் கம்பிக்கும் நடுவே ஒன்றரை இன்ச் இடைவெளி. அதற்கு மேல் இடம் விட்டால், வழுக்கும்போது முழங்கை உள்ளே சிக்கிக்கொள்ளும். கமோடு பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று, உள்ளே நுழையும் இடத்தில் நெடுக்காக ஒன்று. சொரசொரப்பான ஸ்டீல் என்றால் சோப்புக் கை வழுக்காது.

எங்கள் வீட்டில் தப்பு நடந்தது இந்த இடத்தில்தான். முதலில் வந்தவர் டைல்ஸில் துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக் செருகி, ஸ்குரூ முடுக்கிவிட்டு இருபது நிமிஷத்தில் போய்விட்டார். நான் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். பிளக்கும் டைல்ஸ் துண்டும் சேர்ந்தே கையோடு வந்தன. காரணம், அது நாலரை இன்ச் சுவர். இரண்டாவது முறை வயதான கொத்தனார் ஒருவர் வந்தார். சுவரின் மறுபக்கம் வரை துளைத்து, பின்னால் இரும்புத் தகடு வைத்து, போல்ட் நட்டு போட்டு இறுக்கினார். மறுபக்கம் ஸ்டோர் ரூம் என்பதால் தகடு யார் கண்ணையும் உறுத்தவில்லை. ஒன்பது இன்ச் செங்கல் சுவர் என்றால் நல்ல ஆங்கர் ஃபாஸ்னரே (சுவருக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும் போல்ட்) தாங்கும். எப்படி மாட்டினாலும் சரி, கூலி கொடுப்பதற்கு முன் நீங்கள் தொங்கிப் பாருங்கள்.

கதவைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. குளியலறைக் கதவு பெரும்பாலும் உள்பக்கம்தான் திறக்கும். உள்ளே ஒருவர் விழுந்தால் கதவை அடைத்துக்கொண்டுதான் கிடப்பார். வெளியிலிருந்து தள்ளத் தள்ள அவருக்குத்தான் அடிபடும். கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி செய்யுங்கள், அல்லது தள்ளு கதவு போடுங்கள். உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வெளியிலிருந்தும் நாணயத்தால் திருகித் திறக்கக்கூடிய பூட்டு வைக்கலாம். அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். பழைய வீடுகளில் இந்தக் கதவு இரண்டேகால், இரண்டரை அடிதான். வீல்சேர் உள்ளே போகக் கதவைத் திறந்த பிறகு 32 இன்ச்சாவது காலியாக வேண்டும். நிலையையே மாற்றுகிறீர்கள் என்றால் மூன்றடியாகப் போட்டுவிடுங்கள்.

குளிக்க உட்காரும் ஸ்டூலுக்குக் காலில் ரப்பர் குமிழ் இருக்க வேண்டும். நாலு கால் பிளாஸ்டிக் ஸ்டூல் ஈரத்தில் விரிந்துகொள்ளும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதற்கு மேல் வெந்நீர். வயதான தோலுக்குச் சூடு தாமதமாகத்தான் உறைக்கும்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நிறுத்தச் சொல்லி யாரும் ஜெயித்ததில்லை. அம்மாவும் கைப்பிடியே வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார்: "வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடும்." எண்ணெய் தேய்த்த காலோடு நடக்கும்போது பிடித்துக்கொள்ள என்று சொன்னதும் சரி என்றார். எண்ணெய் தேய்ப்பதைக் குளியலறைக்கு உள்ளேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடி வைத்துக்கொண்டால் வழியெல்லாம் சொட்டாது.

3. இரவில் நடக்கும் பாதை

படுக்கையிலிருந்து கழிப்பறை வரையிலான பத்து, பதினைந்தடிதான் வீட்டிலேயே ஆபத்தான சாலை. பிரஷருக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக்கும். ஆண்களுக்குப் புராஸ்டேட் தொல்லையும் சேர்ந்துகொள்ளும். இரவில் இரண்டு, மூன்று முறை எழுவார்கள். படுத்திருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுவது நல்ல பழக்கம். அப்படி உட்காரும்போது பாதம் முழுவதும் தரையில் பதிகிற மாதிரி கட்டிலின் உயரம் இருக்கட்டும்.

வெளிச்சம் விஷயத்தில் நம் கண்ணை நம்பக்கூடாது. அறுபது வயதுக் கண்ணின் உள்ளே போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குக் கிடைப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். நமக்குப் போதும் என்று தோன்றும் டியூப்லைட் அவர்களுக்கு மங்கல். ஆனால் பல்பைக் கூட்டினால் மட்டும் போதாது, கண் கூசாமலும் இருக்க வேண்டும். கட்டிலில் படுத்தபடியே எட்டும் சுவிட்ச் ஒன்று, கதவருகே இன்னொன்று என்று டூ-வே போடச் சொல்லுங்கள். பாதையில் முழங்கால் உயரத்தில், ஆள் நடந்தால் தானே எரியும் சென்சார் விளக்கு இரண்டு இருந்தால் போதும். முக்கியமாக இன்வெர்ட்டரைப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் ஹால் ஃபேனும் டிவியும் அதில் இருக்கும், குளியலறை விளக்கு இருக்காது.

4. தரை, வாசல், படி

பளபளக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ் போட்ட வீட்டில் வயதானவர்கள் பாதத்தைத் தூக்காமல் இழுத்து நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பயம்தான் காரணம். ஹால் முழுவதும் மாற்ற வேண்டாம். குளியலறையிலும் சமையலறைத் தொட்டியருகிலும் வாசலிலும் சொரசொரப்பான டைல்ஸ் போதும். உண்மையான வில்லன் ஓரம் சுருண்ட மிதியடி. ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டு, அடியில் ரப்பர் உள்ளதாக வாங்குங்கள். அறைக்கு அறை உள்ள நிலைப்படிகளில் வாசல் நிலையை யாரும் தொட விடமாட்டார்கள், அது மஞ்சள் குங்குமம் வைக்கும் இடம். உள் அறைகளின் படிகளையாவது அறுத்து எடுத்துவிடலாம்.

சாய்தளம் போடுவதற்கு முன் ஒரு கணக்கு. ஒரு இன்ச் உயரத்துக்குப் பன்னிரண்டு இன்ச் நீளம் வேண்டும். அதாவது ஆறு இன்ச் படிக்கு ஆறடி. மழைத் தண்ணீர் ஏறக்கூடாது என்று மூன்றடி உயர்த்திக் கட்டிய வீட்டுக்கு 36 அடி! எந்த மனையில் அவ்வளவு இடம் இருக்கிறது? செங்குத்தாக ஒரு சாய்வைக் கட்டி அதில் ஸ்கூட்டர் ஏற்றுவார்கள். வீல்சேரைத் தள்ளினால் தள்ளுபவரும் சேர்ந்து உருளுவார். அப்படிப்பட்ட வீட்டில் படியின் உயரத்தை ஆறு இன்ச்சாகக் குறைத்து, காலை வைக்கும் இடத்தை ஒரு அடி ஆக்கி, இரண்டு பக்கமும் கைப்பிடி வையுங்கள். ஒரு பக்கம் போதாது. ஏறும்போது வலது கை பிடித்தது, இறங்கும்போது இடது பக்கம் வந்துவிடும். படியின் விளிம்பில் எடுப்பாகத் தெரியும் நிறத்தில் ஒரு பட்டை அடித்தால் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

5. சமையலறையும் பரணும்

இங்கே ஒரே சட்டம்: தினமும் எடுப்பது எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே. பரணில் இருக்கும் பித்தளைப் பாத்திரங்களை இறக்கி, யார் கேட்டார்களோ அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஸ்டூல் மேல் ஏறுவது நிற்காது. காய் நறுக்க மேடையோரம் உயரமான நாற்காலி ஒன்று. கேஸ் சிலிண்டரில் எரிவாயு மட்டுமே 14.2 கிலோ, உருளையின் எடை தனி. மாற்றித் தர ஆள் இருக்கிறதா என்று கேட்டுவையுங்கள்.

6. மாடியும் அபார்ட்மென்ட்டும்

தனி வீட்டில் படுக்கையறை மாடியில் இருந்தால், எழுபதுக்கு முன்பே கீழே கொண்டுவந்துவிடுங்கள். கீழே அறை இல்லை என்றால் ஹாலில் ஒரு பகுதியைத் தடுக்கலாம்.

சென்னையில் 1990-களில் கட்டிய பல மூன்று மாடிக் குடியிருப்புகளில் லிஃப்ட் இல்லை. மூன்றாம் மாடியில் சொந்த ஃபிளாட் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் கீழே இறங்காதவர்களை எனக்கே தெரியும். விற்க மனசு வராவிட்டால், அதை வாடகைக்கு விட்டுவிட்டு அதே தெருவில் தரைத்தளத்தில் வாடகைக்குப் போகலாம். பழகிய மருந்துக்கடையும் கோயிலும் பால்காரரும் கைவிட்டுப் போகாது. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் தரைத்தளங்கள் மூழ்கியதை மறந்துவிடாதீர்கள். அந்த வருஷம் இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று எதிர்வீட்டில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். லிஃப்ட் உள்ள இடம் என்றால் ஸ்ட்ரெச்சர் உள்ளே நீளவாக்கில் நுழையுமா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் லிஃப்டை இழுக்குமா என்று பாருங்கள்.

7. இதே வீட்டில் இருப்பதா, வேறிடமா?

பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டு மாதம் ஒரு வீடு என்று பெற்றோரைச் சுற்றவிடுவது என் பார்வையில் மோசமான ஏற்பாடு. மனக்கஷ்டம் ஒருபுறம் இருக்கட்டும், நடு இரவில் தூக்கக் கலக்கத்தில் எந்த வீட்டில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று தடவுவதில் விழுகிறார்கள். ஞாபக மறதி தொடங்கியவர்களுக்கு இன்னும் கடினம். அப்பா ஒரு பிள்ளை வீட்டிலும் அம்மா இன்னொரு பிள்ளை வீட்டிலும் என்று பிரிப்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

முதியோர் குடியிருப்புகளைப் பற்றிய பழைய தயக்கம் குறைந்துவருகிறது. கோயம்புத்தூரில் இவை நிறைய வந்ததற்கு அந்த ஊரின் தட்பவெப்பமும் மருத்துவமனைகளும் விமான நிலையமும் காரணம். போய்ப் பார்க்கும்போது தோட்டத்தையும் நூலகத்தையும் சுற்றிக் காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: படுத்த படுக்கையாகிவிட்டால் இங்கேயே பார்த்துக்கொள்வீர்களா, கூட்டிப் போகச் சொல்வீர்களா? பல இடங்கள் தானே நடமாடுகிறவர்களுக்கு மட்டுமானவை. வாங்குவது சொந்தமாகவா, குத்தகையா, டெபாசிட்டா. மாதப் பராமரிப்புக் கட்டணம் எப்படி ஏறும். இருவரில் ஒருவர் இறந்தால் மற்றவர் தொடரலாமா. பிள்ளைகளுக்கு விற்கும் உரிமை உண்டா? எல்லாம் எழுத்தில் வேண்டும். எட்டு வீடுகளுக்கு மேல், அல்லது 500 சதுர மீட்டருக்கு மேல் உள்ள புதுத் திட்டம் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைக் கேளுங்கள். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் இத்தகைய இல்லங்களுக்கென்றே 2019-இல் மாதிரி வழிகாட்டுதல்கள் வெளியிட்டிருக்கிறது. கைப்பிடி, சாய்தளம், லிஃப்ட் எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று அதோடு ஒப்பிடலாம். ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். முதல் ஒரு வருஷத்துக்குச் சொந்த வீட்டை விற்காதீர்கள், திரும்பி வந்தவர்களும் உண்டு.

8. பத்திரம்

"எனக்கப்புறம் உங்களுக்குத்தானே" என்று சொல்லி, உயிரோடு இருக்கும்போதே பிள்ளை பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிடுகிறார்கள். செட்டில்மென்ட் பதிவானதும் வீடு கைமாறிவிட்டது. உயில் அப்படியில்லை, உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அவசரம் எதுவும் இல்லாவிட்டால் உயிலே போதும்.

செட்டில்மென்ட்தான் என்றால், இரண்டு விஷயத்தைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். ஒன்று, பெற்றோர் இருவருக்கும் கடைசிவரை அந்த வீட்டில் குடியிருக்கும் வாழ்நாள் உரிமை. மற்றொன்று, எழுதி வாங்குபவர் அவர்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவின்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். நிபந்தனை இருந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், பெற்றோருக்குச் சாதகமாக இந்தப் பிரிவைத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்றது. வாய்வார்த்தையை நம்பி வழக்காடுவதைவிட ஒரு வரி எழுதிவைப்பது மேல். தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தின்கீழ் மனுக்களை விசாரிப்பது வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம். யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள் முதியோர் உதவி எண் 14567-ஐ அழைக்கலாம்.

வீடு இருக்கிறது, கையில் காசு இல்லை என்பவர்களுக்கு ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்று ஒரு வழி 2007 முதல் இருக்கிறது. 60 தாண்டியவர்கள் வீட்டை வங்கியில் அடமானம் வைத்து மாதாமாதம் பணம் பெறலாம், உயிருள்ளவரை அதே வீட்டில் இருக்கலாம். பிறகு வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை மீட்கலாம். "பிள்ளைங்களுக்கு வைக்காம சாப்பிட்டான்னு சொல்லுவாங்க" என்ற ஒரே காரணத்துக்காக அதைப் பக்கத்தில்கூடச் சேர்க்காத குடும்பங்களே அதிகம்.

9. படுக்கையில் இருக்கும் நாட்களுக்காக

இதைப் பேசவே யாரும் விரும்புவதில்லை. ஆனால் அறையை முன்பே தேர்ந்துவைத்தால் அன்றைக்கு அலைய வேண்டாம். கட்டிலின் மூன்று பக்கமும் ஆள் நிற்க இடம், பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய், பார்த்துக்கொள்ள வருபவர் படுக்க ஒரு மூலை, வாசல் வரை ஸ்ட்ரெச்சர் திரும்பும் வழி. சாய்க்கும் கட்டிலையும் காற்று மெத்தையையும் வாங்க வேண்டாம், மாத வாடகைக்கே கிடைக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்துவையுங்கள்.

அந்த அறை பின்பக்கத்து ஸ்டோர் ரூமாக இருக்க வேண்டாம். அப்பாவுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை நடந்தபோது கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போட்டோம். வருபவர்கள் பார்வையில் படாமலிருக்க ஒரு திரை. கீரைக்காரம்மா தினமும் ஜன்னல் வழியாக "ஐயா, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். இரண்டு மாதத்தில் அப்பா வாக்கரோடு திண்ணை வரை வந்துவிட்டார்.

வருஷத்துக்கு ஒரு முறை முதல் வேலையைத் திரும்பச் செய்யுங்கள். நாங்கள் போகிக்கு முந்தின வாரம் வைத்துக்கொண்டோம். வெள்ளையடிக்க ஆள் வருவதற்கு முன் பார்த்துவிட வேண்டும், அடித்துவிட்டால் கை அழுக்கு போய்விடும். போன முறை பார்த்தபோது ஃபிரிட்ஜில் பிசுக்கு இல்லை, காய்கறிக் கூடையை மேல் தட்டுக்கு மாற்றியாகிவிட்டது. பூஜை அறைக் கதவில் மட்டும் புதிதாக ஒரு தடம், அம்மாவின் தோள் உயரத்தில்.